எல்லையோர ஊரில் இணையச் சதுரங்கம்: பிள்ளைகளோடு கண்ட அனுபவம்

பாலக்காடு மாவட்டத்தின் தமிழக எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் சதுரங்கம் கற்க ஆசைப்படும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு முறையான பயிற்சி வேண்டுமென்றால், ஒரு பக்கம் பொள்ளாச்சிக்கோ மறுபக்கம் பாலக்காட்டுக்கோ பேருந்து ஏற வேண்டியிருக்கிறது. தோட்ட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போகும் பெற்றோருக்கு அது இயலாது. அதனால் எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு பழைய மடிக்கணினியையும் பெற்றோரின் கைபேசிகளையும் வைத்துக்கொண்டு, விடுமுறை நாள்களில் பிள்ளைகளை இணையத்தில் ஆட வைத்து வருகிறேன்.

நாங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளம். திபோ துப்ளெஸி என்ற பிரெஞ்சு நிரலாளர் 2010இல் தொடங்கிய இத்தளத்தில் கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. நன்கொடையில்தான் அது நடக்கிறது. செஸ்.காம் இதைவிடப் பெரியது, அதன் பாடங்களும் நன்றாக அமைந்தவை. ஆனால் இலவசக் கணக்கில் சில வசதிகளுக்கு வரம்பு உண்டு என்பதால், பணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு லிசெஸ்தான் கைகொடுக்கிறது.

தளம் எதுவானாலும், பிள்ளைகளின் கை முதலில் போவது ஒரு நிமிட புல்லட் ஆட்டத்துக்கும் மூன்று நிமிட பிளிட்ஸ் ஆட்டத்துக்கும்தான். விரல் வேகம் கூடுகிறதே தவிர ஆட்டம் வளரவில்லை என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தோற்ற ஆட்டத்தைத் திரும்பிப் பார்க்குமுன்பே அடுத்த எதிராளி வந்துவிடுகிறார். ஆகவே நூலகத்தில் ஆளுக்குப் பதினைந்து நிமிடம், நகர்த்தலுக்குப் பத்து விநாடி கூடுதல் என்ற கணக்கில்தான் ஆட வேண்டும். ஆட்டம் முடிந்ததும், நகர்த்தல்களைக் கணித்து மதிப்பிடும் கணினி நிரலான எஞ்சினைத் தொடாமல் தாமே அலச வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

இதனால் என்ன பயன் என்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஆட்டம் காட்டியது. முன்பின் தெரியாத வெளிநாட்டு எதிராளியுடன் நெடுநேரம் போராடி, வெல்ல வேண்டிய இறுதிநிலைக்கு அவள் வந்திருந்தாள். (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்.) அவளுடைய வெள்ளை ராஜா இ6 கட்டத்தில், சிப்பாய் இ5இல், கறுப்பு ராஜா இ8இல். இந்த நிலையில் நகர்த்தும் முறை யாருடையதானாலும் வெற்றி வெள்ளைக்கே. கறுப்பு ராஜா டி8க்கு நகர்ந்தபோது, அவள் தன் ராஜாவை எஃப்7க்குக் கொண்டுபோயிருந்தால் சிப்பாய் தடையின்றி ராணியாகியிருக்கும். அவளோ டி6க்குப் போனாள். கறுப்பு மீண்டும் இ8க்கு வந்தது. உடனே சிப்பாயை இ6க்குத் தள்ளினாள். கறுப்பு டி8, சிப்பாய் இ7க்குப் போய் செக், கறுப்பு மறுபடி இ8. சிப்பாயைக் காப்பாற்ற ராஜாவை இ6க்குக் கொண்டுவந்ததும் கறுப்புக்கு நகர இடமே இல்லை. ஸ்டேல்மேட், ஆட்டம் சமன்.

முகம் வாடிப்போனவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அலசல் பலகையில் அந்த நிலையை வைத்து, பின்னோக்கி ஒவ்வொரு நகர்த்தலாக எடுத்துப் பார்த்தாள். கடைசி நகர்த்தல்தான் தவறு என்று முதலில் நினைத்தாள். அதை மாற்றினாலும் சிப்பாய் பறிபோகிறது என்று கண்டாள். பிறகு, ராஜா டி6க்குப் போனதிலேயே எல்லாம் கெட்டது என்று முடிவு செய்தாள். அதற்குப் பிறகுதான் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினை ஓடவிட்டோம். டி6க்குப் போன பிறகும் வெற்றி கையில்தான் இருந்தது. ராஜாவை இ6க்கே திருப்பிக் கொண்டுவந்திருக்கலாம். சிப்பாயைத் தள்ளிய அந்த ஒரே நகர்த்தலில்தான் எஞ்சின் காட்டும் மதிப்பு சுழியத்துக்கு, அதாவது சமநிலைக்கு, இறங்கியது. தானே தேடி அலைந்திருந்ததால் அந்த விடை அவள் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. அன்று மாலையே தளத்தின் பயிற்சிப் பகுதியில் ராஜா-சிப்பாய் இறுதிநிலைகளை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தாள். எஞ்சினை முதலிலேயே காட்டியிருந்தால் தவறைக் காட்டும் சிவப்புக் குறியைப் பார்த்துவிட்டு எழுந்து போயிருப்பாள் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆட்டத் திறனை எண்ணால் காட்டும் ரேட்டிங் குறித்துப் பெற்றோரிடம் பொறுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. லிசெஸில் புதியவருக்கு 1500 என்ற எண்ணில் கணக்குத் தொடங்குகிறது. அது இறங்கும்போது பிள்ளை பின்தங்கிவிட்டதாக வீட்டில் கவலைப்படுகிறார்கள். பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங்கோ, 2024 மார்ச் முதல் குறைந்தபட்சம் 1400 என்று வகுக்கப்பட்ட தனிக் கணக்கு. இரண்டையும் ஒப்பிட்டுப் பிள்ளையை எடைபோடக் கூடாது.

மனம் நோகும் சந்திப்புகளும் உண்டு. ஒரு சிறுவனை வென்ற எதிராளி, எளிய நகர்த்தலுக்கும் சிக்கலான நகர்த்தலுக்கும் ஒரே அளவு நேரம் எடுத்துக்கொண்டதைப் பார்த்து, எஞ்சினைப் பார்த்து ஆடுகிறாரோ என்று சந்தேகித்துப் புகார் அளித்தோம். சில நாள்களில் அந்தக் கணக்கு முடக்கப்பட்டு, சிறுவன் இழந்த புள்ளிகள் திரும்ப வந்தன. புகார்ப் பொத்தானைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் நன்றாக ஆடி வென்றவரையெல்லாம் சந்தேகிக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் வளர விடாதீர்கள்.

மழைக்காலத்தில் இணைப்பு அறுந்து தோற்பவர்களுக்கு நான் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு. நாடுகளின் அணிகள் மோதும் சதுரங்கப் போட்டியான 2020 இணைய ஒலிம்பியாடின் இறுதியில், இந்தியாவுக்காக ஆடிய திவ்யா தேஷ்முக்கும், நம் அண்டை மாவட்டமான திருச்சூரைச் சேர்ந்த நிஹால் சரினும் இணைப்பு போனதால்தான் நேரம் முடிந்து தோற்றார்கள். இந்தியா முறையிட்டதன் பேரில் இந்தியாவுக்கும் இறுதியில் எதிரணியான ரஷ்யாவுக்கும் சேர்த்தே தங்கம் அறிவிக்கப்பட்டது.

இப்போது நாங்கள் ஆட்டங்களைக் குறிப்புகளோடு தொகுத்துவைக்கும் லிசெஸின் ஸ்டடி வசதியில் பிள்ளைகளின் சொந்த ஆட்டங்களைச் சேர்த்து வருகிறோம். ஒரு ஸ்டடியில் 64 அத்தியாயங்கள் வரை வைக்கலாம். எந்த இடத்தில் என்ன நினைத்து நகர்த்தினோம் என்பதைப் பிள்ளைகளே தமிழில் குறிப்பாக எழுதுகிறார்கள்; அந்த ஸ்டேல்மேட் ஆட்டமும் அதில் இருக்கிறது. வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவர்கள் யாரேனும் இருந்தால் தெரிவியுங்கள், அதன் இணைப்பை அனுப்பிவைக்கிறேன். உங்கள் பிள்ளைகளின் ஆட்டங்களையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.