மறுமொழி: மறுமொழி: காட்டில் இருந்தும் கண்ணில் படாத புலிக்கு ஒரு சொல்

கேட்டவர் (விலங்குத்தொகை ஆய்வாளர், கூடலூர்)

குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கையேடு அச்சுக்குப் போக வேண்டும். வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி, முழுக்கத் தமிழில். இருபது வருடமாக விலங்குகளை எண்ணிப் பிழைக்கிறவள் நான். சரியாகச் சொன்னால், எண்ண முடியாததைக் கணக்குப் போட்டுச் சொல்கிறவள். கட்டுரைகளையெல்லாம் ஆங்கிலத்திலேயே எழுதிவிட்டதால் இந்தச் சிக்கல் இவ்வளவு நாள் வரவில்லை. இப்போது முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன்: 'டிடெக்‌ஷன் ப்ராபபிலிட்டி'.

சும்மா ஒரு கணக்கு. முதல் சுற்றில் 12 புலிகள் தானியங்கிக் கேமராவில் விழுகின்றன. உடம்பு வரிகளைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துவிடுகிறோம். இரண்டாம் சுற்றில் 10 விழுகின்றன. அவற்றில் 6 பழைய ஆட்கள். ஆக, நமக்குத் தெரிந்த 12இல் பாதிதான் மறுபடி விழுந்திருக்கிறது. அப்படியானால் இந்த 10உம் மொத்தத்தில் பாதியாகத்தான் இருக்கும். காட்டில் சுமார் 20 புலிகள். அந்தப் 'பாதி'க்குத்தான் பெயர் கேட்கிறேன். காட்டில் இருக்கிற ஒரு விலங்கு நம் கணக்கில் வந்து விழுவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பது அது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பாளையங்கோட்டை

அம்மா, இதில் என்ன சிக்கல்? 'நிகழ்தகவு' பள்ளிக்கூடத்திலேயே நிலைத்துவிட்டது. நிகழ் + தகவு, வினைத்தொகை. அதே அச்சில் 'தென்படுதகவு' என்று வார்த்துக்கொள்ளலாம். தென்பட்ட, தென்படுகிற, தென்படும் என மூன்று காலமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு வாய்ப்பைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான புணர்ச்சி எது? ஒரே ஒரு வேண்டுகோள்: வினைத்தொகையில் வல்லினம் மிகாது. 'தென்படுத்தகவு' என்று யாராவது அச்சிட்டால் நான் குழுவை விட்டே விலகிவிடுவேன்.

இன்னொன்று. தகவையும் எச்சத்தையும் வள்ளுவர் ஒரே குறளில் சேர்த்து வைத்திருக்கிறார். விலங்கின் எச்சத்தைப் பொறுக்கி ஆளைக் கண்டுபிடிக்கும் உங்கள் துறைக்கு அதைவிட நல்ல கடவுள் வாழ்த்து கிடைக்காது.

மொழிபெயர்ப்பாளர், சென்னை

ஐயா, எச்சம் பிரமாதம். ஆனால் 'தகவு' என்ற சொல்லை நிகழ்தகவுக்கு வெளியே கடைசியாக எப்போது கேட்டீர்கள்? பத்தாம் வகுப்பில் அந்தப் பாடத்தைச் சாய்ஸில் விட்டவர்களும் அந்தக் காவலர்களில் இருப்பார்கள். 'கண்ணில் படும் வாய்ப்பு' என்று எழுதினால் யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்?

தமிழாசிரியர்

நான் வருவேன். அது விளக்கம், கலைச்சொல் அன்று. விளக்கத்தின் மேல் இன்னொரு சொல்லை ஏற்ற முடியாது. 'கண்ணில் படும் வாய்ப்புச் சார்பு மாதிரி' என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மூச்சு முட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியர்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 'விலங்குத்தொகை' என்கிறீர்கள். எங்கள் பாடநூல்களில் 'குடித்தொகை' என்றே இருக்கிறது. மனிதருக்கும் அதுதான், மானுக்கும் அதுதான். இந்தியப் பத்திரிகை ஒன்றில் 'புலிகளின் மக்கள்தொகை' என்று வாசித்துச் சிரித்திருக்கிறேன். எங்கள் காடுகளில் புலி இல்லை, வில்பத்துவில் சிறுத்தைதான். அதன் மேலில் உள்ள புள்ளிகளும் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால் உங்கள் கணக்கு அங்கேயும் செல்லும். சொல்லை வரிப்புலிக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்துவிடாதீர்கள்.

(புலி குடியிருக்குமா, குடித்தனம் பண்ணுமா என்று இதற்கு வந்த ஏழு மடல்களை நான் எண்ணவில்லை. – மட்டுறுத்துநர்)

சொல்லாய்வு ஆர்வலர், தஞ்சாவூர்

'தென்படு'வில் வரும் 'தென்' எது என்று யாரும் கேட்கவில்லையே! தெற்கா? தெள், தெளி, தெரி என்கிற வேரா? நான் இரண்டாவது கட்சி. ஆனால் கேமரா என்றால் பொறி அல்லவா? பொறி என்றால் கண்ணி, எந்திரம், புலன், தீப்பொறி, புள்ளி. முத்திரையும் பொறிதான். கரிகாலன் இமயத்தில் புலியைப் பொறித்தான் என்கிறோம். இன்றைக்குப் பொறி புலியைப் பொறிக்கிறது! வரியும் பொறியும் கூடிய விலங்கு பொறியில் விழும் தகவு... 'பொறிபடுதகவு'. சங்கப் பாட்டில் புலிக்குக் 'கொடுவரி' என்றே ஒரு பெயர் உண்டு.

மொழிபெயர்ப்பாளர்

கொடுவரி என்றதும் எனக்கு வருமான வரித்துறைதான் நினைவுக்கு வருகிறது. அண்ணா, அச்சுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.

கேட்டவர்

'பொறிபடுதகவு' அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கேமரா இல்லாத வேலையும் எங்களுக்கு உண்டு. நேர்கோட்டுப் பாதையில் விடியற்காலை நடந்து மான்களை எண்ணுவது, வரையாட்டை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ஒப்பிடுவது, எல்லாவற்றுக்கும் இதே சொல்தான் வேண்டும். 'மறுபிடிப்பு' (முன்பு கணக்கில் விழுந்த விலங்கே மறுபடி விழுவது) பற்றித் தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார், பிடிக்காத புலியைப் பிடித்ததாக எப்படிச் சொல்வது என்று. வரலாறு அப்படி. 1896இல் டென்மார்க்கில் பீட்டர்சன் மீனை நிஜமாகவே பிடித்துக் குறியிட்டுத் திரும்ப நீரில் விட்டார். 1930இல் அமெரிக்காவில் ஃப்ரெடரிக் லிங்கன் வளையம் மாட்டிய வாத்துகளை வைத்துக் கணக்குப் போட்டார். புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் அதையே கேமராவால் செய்து 1995இல் கட்டுரை எழுதியபோது, புலியை யாரும் தொடவே இல்லை. ஆங்கிலத்தில் இதைச் சொல்லச் சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது. தமிழில் நாம் படமே 'பிடிக்கிறோம்'. அதனால் 'மறுபிடிப்பு' அப்படியே இருக்கட்டும், அந்தப் பஞ்சாயத்து வேண்டாம்.

என் கவலை வேறு. 'கண்டறி' என்று போட்டால் பார்ப்பவரின் திறமை என்று ஆகிவிடும். உண்ணிச்செடி மண்டிய இடத்தில் எப்பேர்ப்பட்ட கண்ணுக்கும் மான் தெரியாது. பார்க்கிறவர், விலங்கு, புதர், வெயில், மழை எல்லாம் சேர்ந்துதான் அந்த வாய்ப்பு. அதனால் விலங்கின் பக்கம் நிற்கிற 'தென்படு' எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தச் சொல்லுக்காக இவ்வளவு மெனக்கெடுவதற்கும் காரணம் உண்டு. 2018 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் படத்தில் விழுந்த தனிப் புலிகள் 2,461. வெளியிட்ட மதிப்பீடு 2,967. என் அத்தை கேட்டார்: "பாக்காத ஐந்நூறு புலியை எப்படிம்மா சேத்தீங்க?" நியாயமான கேள்வி. கேமராவில் சிக்காதவையும் கேமரா வைக்காத காட்டில் இருப்பவையும் அந்த இடைவெளியில் இருக்கின்றன. முந்தைய காலத்தில் காலடித் தடத்தைக் கண்ணாடி வைத்து வரைந்து, ஒவ்வொரு புலியையும் எண்ணிவிட்டதாகவே நம்பினார்கள். தவறிப்போனதற்குக் கணக்கில் இடமே இல்லை. ஒரே புலி இரண்டாக ஆவதைத் தடுக்கவும் உறுதியான வழி இல்லை. ராஜஸ்தானின் சரிஸ்கா காட்டில் புலியே மிச்சமில்லை என்பது 2005இல் தெரியவந்தபோதுதான் அந்த முறையின் மேல் இருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

நம் மொழியிலும் ஒரு வம்பு இருக்கிறது. 'காணோம்' என்றால் சொல்லளவில் 'நாம் காணவில்லை' என்பதுதான். நாம் அதைத் 'தொலைந்துபோய்விட்டது' என்று புரிந்துகொள்கிறோம். என் தொழிலே அந்த இரண்டையும் பிரித்து வைப்பதுதான்.

தமிழாசிரியர்

இது நல்ல இடம், அம்மா. இதன் மறுபக்கமும் உண்டு. வேங்கைப் பூ உதிர்ந்து கிடக்கிற பாறை புலிக்குட்டி போலத் தோன்றும் என்று சங்கப் பாட்டு. இல்லாத புலி தென்படுவதற்கும் கையேட்டில் ஒரு சொல் வைப்பீர்களா?

மென்பொருள்காரர், பெங்களூரு

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் ஊரில் 'யானை தட்டுப்பட்டது' என்போம். 'தட்டுப்படு வாய்ப்பு' எப்படி?

மொழிபெயர்ப்பாளர்

தம்பி, பிழைதிருத்துபவர் அதைத் 'தட்டுப்பாடு வாய்ப்பு' ஆக்கிவிடுவார். புலித் தட்டுப்பாடு என்று மறுநாள் செய்தி வரும்.

மட்டுறுத்துநர்

வியாழன் இரவு ஆகிவிட்டது. வந்த மடல்களை எண்ணினேன். 'தென்படும் வாய்ப்பு' 5, 'தென்படுதகவு' 3, 'பொறிபடுதகவு' 1 (முன்மொழிந்தவரே). பதினோரு பேர் மூலச்சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் போதும் என்று சொல்லாமலே சொல்கிறார்கள், எதுவும் எழுதவில்லை. (அவர்களின் தென்படும் வாய்ப்பு குறைவு என்று எடுத்துக்கொள்கிறேன்.) 'தென்படும் வாய்ப்பு' என்று வைத்துக்கொள்வோமா?

தமிழாசிரியர்

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஒப்பவில்லை. 'தென்படும்' பெயரெச்சம், வருங்காலம் மட்டும் சொல்லும். நேற்று விழுந்த புலிக்கு என்ன செய்வீர்கள்?

சொல்லாய்வு ஆர்வலர்

அது 'தெரி'யிலிருந்து வந்ததா, 'தெள்'ளிலிருந்தா என்பது இன்னும் முடியவில்லை. தனி இழை தொடங்குகிறேன்.

கேட்டவர் (பத்து நாள் கழித்து)

பயிற்சி முடிந்தது. கையேட்டில் 'தென்படும் வாய்ப்பு' என்றே போட்டேன். அடைப்புக்குள் 'தென்படுதகவு' என்றும் ஒரு தடவை சேர்த்தேன், ஐயாவுக்காக. முதல் நாள் மதியம், 12, 10, 6 கணக்கைப் பலகையில் போட்டு முடித்ததும், பின்வரிசையில் இருந்த ஒரு காவலர் கேட்டார்: "அதாவது மேடம், எத்தனை புலி நமக்கு டிமிக்கி குடுத்துச்சுன்னு கண்டுபிடிக்கிற கணக்கா?" ஆமாம் என்றேன். அதற்கப்புறம் இரண்டு நாளும் அந்த அறையில் யாரும் வேறு சொல் பேசவில்லை. ஒன்றிலிருந்து தென்படும் வாய்ப்பைக் கழித்தால் வருவதற்கு 'டிமிக்கி' என்று அவர்களே பெயரும் வைத்துவிட்டார்கள். உண்ணிச்செடிப் பக்கம் டிமிக்கி அதிகம், ஓடைமணலில் குறைவு என்று வரைபடத்தில் குறித்தும் கொடுத்தார்கள். வரைபடம் சரியாகவே இருக்கிறது.

தமிழாசிரியர்

மகிழ்ச்சி. ஆனால் 'டிமிக்கி' எந்த மொழிச் சொல்? டகரம் தமிழில் மொழிமுதல் வராதே.