மறு: 'ரன்' என்பதற்கு ஒரே சொல் போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினித் திரையில் வரும் 'ரன்' (run) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற இந்த இழையை முதல் மடலிலிருந்து படித்தேன். 'இயக்கு' அணி, 'ஓட்டு' அணி என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறோம். எனக்கு இரண்டிலும் முழுதாகச் சேர மனமில்லை. ஏனென்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

> ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல். எல்லா இடத்திலும் 'இயக்கு' என்றே வைப்போம்.

ஆங்கிலத்திலேயே அது ஒரு சொல்லாக நடந்துகொள்வதில்லையே! ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் 'ரன்' என்ற வினைக்கு மட்டும் 645 பொருள் எண்ணியிருக்கிறார்கள் என்று 2011-ல் செய்தி வந்தது. அதற்கு முன் அந்தப் பெருமை 'செட்' என்ற சொல்லுக்கு இருந்தது. தேர்தலில் நிற்பதும் ரன், மூக்கு ஒழுகுவதும் ரன், கம்பெனி நடத்துவதும் ரன். இதற்கெல்லாம் தமிழில் தனித்தனி வினை இருக்கிறது, நாமும் யோசிக்காமல் தனித்தனியாகத்தான் சொல்கிறோம். கணினிக்குள் வந்ததும் மட்டும் ஏன் ஒரே சொல்லைத் தேட வேண்டும்?

அதோடு 'இயக்கு' ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. அச்சுப்பொறிக்கான டிரைவர் 'இயக்கி', ஆபரேட்டிங் சிஸ்டம் 'இயங்குதளம்', வீடியோவில் பிளே பொத்தானும் பல இடங்களில் 'இயக்கு'. போதாததற்கு சினிமாவில் இயக்குநர், அரசியலில் இயக்கம். 'இயக்கி இயங்காததால் இயக்க முடியவில்லை, மீண்டும் இயக்கவும்' என்று ஒரு பிழைச் செய்தி வந்தால் பயனர் என்ன செய்வார்? மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுவார்.

> பேச்சில் யார் 'இயங்குகிறது' என்கிறார்கள்? பொத்தானில் 'ஓட்டு' என்றே எழுதுங்கள்.

முதல் பாதி சரி. இங்கே பெங்களூரில் ஒயிட்ஃபீல்டோ மான்யதாவோ, எந்த ஐடி வளாகமானாலும் தமிழ் பேசுகிற இரண்டு பேர் ஒரு குழுவில் இருந்தால் போதும், 'நைட் ஜாப் (இரவில் தானாக ஓடும் நிரல்) ஓடி முடிஞ்சுதா?' என்ற கேள்வி காலையில் காதில் விழும். மோட்டார் ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, கடை ஓடுகிறது, ஆட்டோ மீட்டர் ஓடுகிறது (ஓடினால்!). எந்திரம் தன் வேலையைச் செய்துகொண்டிருப்பதைத் தமிழன் ஓட்டமாகத்தான் பார்க்கிறான். பக்கத்து இருக்கைக் கன்னடக்காரரும் 'ஓட்தா இதெ' என்கிறார், அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே நிலையைக் காட்டும் இடத்தில் 'ஓடுகிறது', 'நின்றது' என்று போட நான் முழு ஆதரவு.

ஆனால் பொத்தானில் தனியாக 'ஓட்டு' என்று நின்றால்? எல்லோருக்கும் முதலில் தெரிவது வாக்குச்சாவடிதான்.  கட்டளைப் பொத்தானில் 'இயக்கு' இருக்கட்டும். அங்கே அது பழகிவிட்டது, குழப்பமும் இல்லை.

சிக்கல் உண்மையில் பெயர்ச்சொல்லில்தான் இருக்கிறது. மென்பொருள் சோதனை முடிவுகளைக் காட்டும் பக்கங்களில் '12-வது ரன் தோல்வி' என்று வருமே, அதை '12-வது இயக்கம் தோல்வி' என்றால் கட்சி வரலாறு மாதிரி இருக்கிறது. இங்கே 'ஓட்டம்'. இலங்கை நண்பர் நினைவூட்டியது போல, அங்கே நாளிதழ்கள் கிரிக்கெட்டுக்கே 'ஓட்டங்கள்' என்று எழுதுகின்றன. எண்ணிச் சொல்லத் தோதான சொல் அது: ஓர் ஓட்டம், பத்து ஓட்டங்கள்.

மொழிபெயர்ப்புக் கோப்பில் வினையும் பெயரும் ஒரே 'ரன்' ஆக வருவதுதான் தொல்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒரே வடிவம், நமக்கு அப்படியில்லை. மென்பொருளை மொழிபெயர்க்க உதவும் கெட்டெக்ஸ்ட் கருவியில் ஒரே சரத்துக்கு, அதாவது ஒரே உரைத் துண்டுக்கு, சூழல் குறிப்பு சேர்த்து இரண்டு பதிவாகப் பிரிக்க வழி இருக்கிறது. நிரல் எழுதுபவர்களிடம் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாமல் நாம் எத்தனை சொல் கண்டுபிடித்தாலும் பாதி இடத்தில் தப்பாகத்தான் உட்காரும்.

> 'டிரை ரன்' – உலர் ஓட்டம்?

வேண்டவே வேண்டாம். துணி காயப்போடும் இடம் மாதிரி இருக்கிறது. நம்மிடம் தயாராக ஒரு சொல் இருக்கிறது: வெள்ளோட்டம். புதுத் தேர் செய்தாலும், பழைய தேரைப் பழுது பார்த்தாலும், திருவிழாவுக்கு முன் சாமி இல்லாமல் வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் உருளும், வடம் இழுபடும், முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கும் பயிற்சி ஆகும். உற்சவர் மட்டும் மேலே இல்லை. கோப்புகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒத்திசைக்கும் ஆர்சிங்க் கட்டளையில் டிரை ரன் கொடுத்தால் நடப்பதும் இதேதான்: இரண்டு பக்கத்துக் கோப்புகளையும் ஒப்பிடுகிறது, எது போகும் எது அழியும் என்று பட்டியல் தருகிறது, ஒரு கோப்பைக்கூடத் தொடுவதில்லை. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

'வெள்ளோட்டம் என்றால் சோதனை ஓட்டம்தானே, இரண்டும் ஒன்றாகிவிடுமே' என்ற மறுப்பைப் பார்த்தேன். ஆகாது. இங்கே நம்ம மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறப்பதற்கு முன் நடந்ததைச் சோதனை ஓட்டம் என்கிறோம், அந்த வழக்கு அப்படியே இருக்கட்டும். எதையும் மாற்றாமல் நடித்துப் பார்ப்பதற்கு மட்டும் வெள்ளோட்டத்தை ஒதுக்குவோம். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

'ரன்டைம்' பற்றி: இருக்கிற கலைச்சொல் பட்டியல்களில் 'இயக்க நேரம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஒரு நிரல் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்றால் அது நேரம்தான், 'ஓட்ட நேரம்' என்போம். ஜாவா ரன்டைம் என்பது நேரமே இல்லை, நிரல் ஓடுவதற்குத் தேவையான நூலகம், நினைவக மேலாண்மை எல்லாம் சேர்ந்த ஏற்பாடு. அதற்கு 'ஓடுசூழல்'. 'ஓடுதளம்' அழகாக இருக்கிறது, ஆனால் அதில் ஏற்கெனவே விமானம் இறங்கிவிட்டது.

வங்கியில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணம் எடுக்க ஓடும் 'ரன்', அச்சகத்து 'ரன்' ஆகியவற்றைப் பொருளியல், அச்சுத் துறைக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்கு இன்னும் முடிவாகாதது ஒன்று: 'ரன் லென்த்' குறியாக்கம். ஒரே மதிப்பு அடுத்தடுத்து வந்தால், அந்த மதிப்பையும் அது எத்தனை முறை வந்தது என்பதையும் மட்டும் எழுதித் தரவைச் சுருக்கும் முறை அது. இங்கே எதுவும் ஓடவில்லை. நாணயம் சுண்டும்போது தலை தலை, பூ பூ பூ, தலை என்று விழுந்தால் மூன்று ரன். ஒரே மதிப்பு விடாமல் அடுத்தடுத்து வருவது. 'தொடர்' என்று ஒருவர் எழுதியிருந்தார், ஆனால் கணக்கில் அது வேறொன்றுக்குப் போய்விட்டது. 'சரம்' ஸ்டிரிங்குக்குப் போய்விட்டது. 'பாம்பு பாம்பு', 'தீ தீ தீ' என்பதை இலக்கணத்தில் அடுக்குத்தொடர் என்கிறோமே, அதையே எடுத்துக்கொண்டால் என்ன? நன்னூல் அடுக்குக்கு நான்கு வரை எல்லை வைக்கிறது, ஃபேக்ஸில் ஒரு வெற்று வரி என்றால் 1728 புள்ளியும் வெள்ளை. நன்னூல் எழுதிய பவணந்தியார் மன்னிப்பார் என்று நினைக்கிறேன். 'அடுக்கு' என்று சுருக்கினால், தரவை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் ஸ்டாக்கோடு மோதும், அதனால் நீளமாக இருந்தாலும் 'அடுக்குத்தொடர் நீளக் குறியாக்கம்' என்று முழுதாகவே வைக்கலாம். நாக்கு ஒரு தடவை திக்கும்தான். சுருக்கமாக வேறு சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

மற்றவற்றை, அதாவது இயக்கு, ஓடுகிறது, ஓட்டம், வெள்ளோட்டம், சோதனை ஓட்டம், ஓட்ட நேரம், ஓடுசூழல் ஆகியவற்றைப் பகிர்ந்த பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு ஏற்றி வைக்கிறேன். வாக்கியம் இல்லாமல் சொல்லை மட்டும் பார்த்து வாக்களிக்க வேண்டாம்.