அடுப்புக் குழாய்க்குள்ள தார் மாதிரிக் கறுப்பு – என்ன செய்ய?

ஒஸ்லோவில எனக்கு இது முதல் குளிர்காலம். இரவில காற்றை அடைச்சுப்போட்டு விறகை மெதுவாப் புகையவிடுறனான். இப்ப கண்ணாடி கறுத்து, குழாய்க்குள்ளயும் தார் மாதிரிப் பளபளக்குது. பயமாக் கிடக்கு.

பதில்: தம்பி, அது கிரியோசோட், விறகுப் புகை குழாயில படிஞ்சு வாற தார். பற்றினா புகைபோக்கியே எரியும். நகரசபையில இருந்து புகைபோக்கி கூட்டுறவர் வந்து பாக்குமட்டும் அடுப்பை மூட்டாதைங்கோ. விறகின்ர ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருக்கவேணும். நான் இரண்டு துண்டைத் தட்டிப் பாப்பன். காய்ஞ்சது 'டங்' எண்டும், ஈரம் 'தொப்' எண்டும்.

கேட்டவர்: என்ரது தொப் எண்டுதான் கேக்குது அண்ணை.

இன்னொருவர்: குழாய் உறுமினா உள்ளுக்கு நெருப்புப் பற்றீட்டுது எண்டு அர்த்தம்; அடுப்புக் கதவையும் காற்றுவழியையும் அடைச்சு, பிள்ளையளோட வெளிய வந்து தீயணைப்புப் படைக்கு, 110க்கு, அடியுங்கோ. தண்ணி ஊத்தவே கூடாது.