வலி ஊசிக்குக் கேட்டதா, நம்பிக்கைக்குக் கேட்டதா? அக்குபஞ்சர் போனவர்கள் சொல்லுங்கள்

ரவிக்கைக்காரி, பழைய வண்ணாரப்பேட்டை

இருபது வருஷமாக ரவிக்கை தைக்கிறேன். எம்.சி. ரோட்டில் புடவை எடுப்பவர்கள் அப்படியே எங்கள் சந்துக்குள் நுழைந்து அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். மெஷினுக்கு மோட்டார் வைத்தது மூன்று வருஷம் முன்னால்தான், அதுவரை கால் மிதி. வலது முட்டி போய்விட்டது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் "தேய்மானம்மா, எடையைக் குறைங்க" என்றார், மாத்திரை எழுதினார், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

அக்காவுக்கும் இதே முட்டிவலிதான், குடும்பச் சொத்து. யாரோ சொல்லி அவள் அக்குபஞ்சர் போனாள். மூன்றாவது வாரம் போனில், "வடிவுடையம்மன் கோயிலைச் சுத்திட்டு வந்தேன்டி, வலியே தெரியலை" என்றாள். சரி என்று நானும் போனேன். அதே ஆள், அதே அறை, அதே ஊசி. முட்டிக்குக் கீழே நாலு விரல் தள்ளி ஒன்று, முட்டியைச் சுற்றி நாலைந்து. மயிரிழை மாதிரி இருந்தது. குத்தும்போது எறும்பு கடித்த அளவுகூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே யாரோ கனமாக இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது.

ஆறு தடவை போனேன். அக்காவுக்கு முக்கால்வாசி வலி போய்விட்டது. எனக்குக் கால்வாசி போயிருந்தால் அதிகம்.

"நீ நம்பாம போனே, அதான் கேக்கலை" என்கிறாள். எனக்கு வந்த கோபம்! ஊசி ஊசிதானே, என் மனசில் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? உங்களுக்கு என்ன நடந்தது, சொல்லுங்கள். விளம்பரக்காரர்கள் தயவுசெய்து வர வேண்டாம்.

கேட் மூடியாச்சு, கொருக்குப்பேட்டை

அக்கா, நான் துளிகூட நம்பாமல் போனவன், எனக்குக் கேட்டது. லோடு ஆட்டோ ஓட்டுகிறேன், இடுப்புவலி. வீட்டுக்காரி தொல்லை தாங்காமல் போனேன், நாலு தடவையில் சரியாகிவிட்டது.

ஆனால் ஒன்று. வலி உச்சத்தில், செருப்பு மாட்டக் குனிய முடியாத நிலையில்தான் போனேன். என் இடுப்பு எப்போதுமே அப்படித்தான், பத்து நாள் பிடிக்கும், அப்புறம் தானாக விடும். போன தடவை விட்டபோது பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்த தைலத்துக்குப் பேர் கிடைத்தது. இந்தத் தடவை ஊசிக்கு.

நைட் டூட்டி, ராயபுரம்

நர்ஸ் வேலையில் பதினான்கு வருஷம். வலி மருத்துவப் பிரிவிலும் இருந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ரவிக்கைக்கார அக்கா, உங்கள் அக்கா சொன்னதில் பாதி உண்மை. பழியை உங்கள்மேல் போட்டதுதான் தப்பு.

ஜெர்மனியில் ஒற்றைத் தலைவலி, டென்ஷன் தலைவலி, இடுப்புவலி, முட்டித் தேய்மானம் என்று நான்கு ஆய்வுகள் நடந்தன. எல்லாவற்றையும் சேர்த்து 864 பேருடைய கணக்கை 2007இல் வெளியிட்டார்கள். ஊசி தொடுவதற்கு முன்னாலேயே "எவ்வளவு குணமாகும் என்று நினைக்கிறீர்கள்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி வைத்துவிட்டார்கள். அதிகம் எதிர்பார்த்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. இதில் சரியான புள்ளியில் குத்தப்பட்டவர்களும் இருந்தார்கள், புள்ளியே இல்லாத இடத்தில் மேலாகக் குத்தப்பட்டவர்களும் இருந்தார்கள்.

முட்டிக்கென்றே ஒன்று உண்டு. அமெரிக்காவில் 527 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்டது. ஊசி போடுபவர்களுக்குப் பேசப் பயிற்சி கொடுத்தார்கள். சிலரிடம் "இது உங்களுக்கு நல்லா கேட்கும்னு நினைக்கிறேன்" என்று சொல்ல வேண்டும், சிலரிடம் "கேட்கலாம், கேட்காமலும் போகலாம்" என்று. முதல் பேச்சைக் கேட்டவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. வித்தியாசம் பெரிதில்லை, ஆனால் இருந்தது. நிஜ ஊசிக்கும், புள்ளி இல்லாத இடத்தில் சும்மா பேருக்குப் போட்ட பாசாங்கு ஊசிக்கும் இடையில்தான் வித்தியாசம் காணோம்.

இன்னொன்று கேளுங்கள், சிரிப்பீர்கள். 2009இல் வந்தது, அதுவும் அமெரிக்காதான். 638 இடுப்புவலிக்காரர்கள். ஒரு பிரிவினருக்கு ஊசிக்குப் பதில், ஊசி விடும் குழாய்க்குள் பல் குத்தும் குச்சியை வைத்து முதுகில் அழுத்தினார்கள். தோலைத் துளைக்கவே இல்லை. ஊசியோ குச்சியோ வாங்கியவர்களில் 60 சதவீதம் பேருக்கு அன்றாட வேலை செய்வதில் நல்ல முன்னேற்றம். வழக்கமான சிகிச்சையில் மட்டும் இருந்தவர்களில் 39.

அதற்காக ஊசியில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 39 ஆய்வுகளின் 20,827 பேருடைய தரவைச் சேர்த்துப் பார்த்த 2018 அலசலில், பாசாங்கு ஊசியைவிட நிஜ ஊசி கொஞ்சம் மேல் என்றே வந்தது. கொஞ்சம்தான்.

"அப்போ எங்க அக்கா வலி பொய்யா போச்சா?" என்று கேட்பீர்கள். இல்லை. 1978இல் கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. வெறும் டம்மி மருந்துக்கே வலி குறைந்தவர்களுக்கு நலாக்சோன் கொடுத்தபோது வலி திரும்ப ஏறியது. நலாக்சோன் என்பது அபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுப்பது. எதிர்பார்ப்பு வந்ததும் உடம்பு அபின் மாதிரியான தன் சொந்தச் சரக்கை வெளியே விடுகிறது என்பதற்கு அதுதான் முதல் தடயம்.

அத்தோ பிரியன், மண்ணடி

இது தலைகீழ் கேஸ். என் மச்சானுக்குக் கழுத்துவலி. போகிற வழியில் எவனோ, "ஊசி உள்ளேயே ஒடிஞ்சு நின்னுடும்" என்று கிளப்பிவிட்டான். முதல் ஊசி கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில். ஐயாவுக்கு வேர்த்துக்கொட்டி மயக்கம். சோடா வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தேன். கழுத்தோடு தலையும் சேர்ந்து மூன்று நாள் வலித்ததாம்.

வலைக்காரன், காசிமேடு

எல்லாரும் சிரிக்கிறீர்கள், என்னால் முடியவில்லை.

அப்பா விசைப்படகு ஓட்டியவர், சர்க்கரை நோயாளி. ஒருவரிடம் போனார். அங்கே ஊசிகூடக் கிடையாது, நாடி பார்த்துவிட்டு ஒரு புள்ளியில் விரலால் தொடுவார், அவ்வளவுதான். "மாத்திரைதான் விஷம், நிறுத்துங்க, உடம்பு தன்னைத்தானே சரி பண்ணிக்கும்" என்றார். அப்பா நிறுத்திவிட்டார். மூன்று மாதம் சந்தோஷமாக இருந்தார், அதை மறைக்க மாட்டேன். "உடம்பு பஞ்சு மாதிரி இருக்குடா" என்று ஏலத்துக்கு வருகிற எல்லாரிடமும் சொல்லி, ஆறேழு பேரை அங்கே அனுப்பியும் வைத்தார்.

பிறகு காலில் முள் குத்திய சின்னக் காயம் ஆறவே இல்லை. டெஸ்ட் எடுத்தால் சர்க்கரை 412. இடது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். இன்றைக்கும் அவர் திட்டுவது மாத்திரையைத்தான், அந்த ஆளை இல்லை.

நைட் டூட்டி, ராயபுரம்

தம்பி, மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அப்பா "பஞ்சு மாதிரி" என்றது பொய்யில்லை, அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கும். ஆபத்தே அதுதான்.

2011இல் வந்த ஆஸ்துமா ஆய்வு ஒன்று. நிஜ இன்ஹேலர், டம்மி இன்ஹேலர், பாசாங்கு அக்குபஞ்சர், எதுவுமே கொடுக்காமல் விடுவது, இந்த நாலையும் அதே ஆட்களிடம் மாற்றி மாற்றிச் செய்தார்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் முதல் மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே பதில், பாதிக்குப் பாதி தேவலை. ஊதச் சொல்லி அளந்தால் கதை வேறு. நிஜ மருந்துக்கு 20 சதவீதம் முன்னேற்றம், மற்ற மூன்றுக்கும் சுமார் 7.

வலி என்பது நாம் சொல்வதுதான், அதனால் எதிர்பார்ப்புக்கு அங்கே இடம் இருக்கிறது. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை நம் பேச்சைக் கேட்காது. ஊசி போட்டுக்கொள்ள ஆசையா, போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடுங்கள்.

ரவிக்கைக்காரி, பழைய வண்ணாரப்பேட்டை

எல்லாருக்கும் நன்றி. வலைக்காரத் தம்பி, அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று அக்காவை வீட்டுக்கு வரச் சொல்லித் துருவினேன். முதல் நாள் அவளிடம் அவர் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார். எப்போது தூங்குகிறாய், வீட்டில் யார் யார், எந்தப் படி ஏறினால் வலி என்று. நான் போனது கடையைப் பூட்டிய பிறகு, ராத்திரி எட்டரைக்கு. அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். நான் கேட்ட முதல் கேள்வி, "மொத்தம் எவ்வளவு ஆகும்?" அவர் சொன்ன பதில், "பார்ப்போம்மா."

அதோடு விடவில்லை. வேறு எதுவும் செய்தாயா என்று கேட்டால் முழிக்கிறாள். நல்லாகிவிடும் என்று தோன்றியதும் அடுத்த நாளே நடக்க ஆரம்பித்துவிட்டாளாம். தினம் காலையில் அரை மணி நேரம், கூடப் பக்கத்து வீட்டுப் பெண். தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் நறுக்குவதையும் விட்டுவிட்டாள். "இதை ஏன்டி சொல்லலை?" என்றால், "நீ ஊசியைப் பத்தித்தானே கேட்டே?" என்கிறாள். நானோ ஆறு தடவையும் ஊசி போட்ட கையோடு ஆடி ஆர்டரை முடிக்க மெஷினில் போய் உட்கார்ந்தவள்.

இன்று காலை நானும் நடந்தேன், மார்க்கெட் வரைக்கும். திரும்பும்போது ஷேர் ஆட்டோ.