ஹெச்-ஆல்ஃபா கோடு இரண்டாகப் பிளந்து வருகிறது, அவசர உதவி

தாராபுரத்தான்
வணக்கமுங்க. நேற்று ராத்திரி மூன்று மணி நேரம் எடுத்த ஸ்பெக்ட்ரத்தில் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த படம்) ஹெச்-ஆல்ஃபா, அதாவது ஹைட்ரஜன் விடும் சிவப்பு ஒளிக்கோடு, ஒரே மேடாக வராமல், நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு கொம்பாக நிற்கிறது. போன மாதமும் இப்படித்தான். திங்கட்கிழமை கல்லூரியில் காட்ட வேண்டும். அக்ரீஷன் தட்டு (கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டு) என்று எழுதிவிடலாமா?

உடுமலைவாசி
எதைப் படம் பிடித்தீங்க? எந்தக் கருவி?

காங்கேயம்காளை
தட்டேதான் தம்பி! கருந்துளையைச் சுற்றும் வாயு ஒரு பக்கம் நம்மை நோக்கி வரும், மறுபக்கம் விலகும். அதனால் நீலப் பக்கம் ஒரு முகடு, சிவப்புப் பக்கம் ஒரு முகடு. ஆர்ப் 102பி, 3சி 390.3 என்ற கேலக்ஸிகள் இரண்டிலும் இப்படித்தான். தைரியமா எழுதுங்க.

பல்லடத்தார்
வானப் பின்னணி வெளிச்சத்தை அளவுக்கு மேல் கழித்தாலும் பள்ளம் விழும். பக்கத்தில் கோழிப்பண்ணை விளக்கு ஏதாவது உண்டா?

கோபி மூத்தவர்
பெயர்கூடச் சொல்லாமல் கேட்காதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? அலைநீளம் என்ன?

தாராபுரத்தான்
மன்னிக்கணுமுங்க. 3சி 273. 8 இன்ச் தொலைநோக்கி, ஸ்லிட் வைத்த ஸ்பெக்ட்ரோகிராஃப். பள்ளம் 7600 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீள அலகு) கிட்ட.

கோபி மூத்தவர்
ஹெச்-ஆல்ஃபா 6563. உங்கள் கேலிப்ரேஷனே (அலைநீள அளவீடே) தப்பு. அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

உடுமலைவாசி
ஐயா, அது குவேசார், வெகுதூரத்தில் கருந்துளையால் ஒளிரும் கேலக்ஸி மையம். 1963-ல் மார்ட்டென் ஷ்மிட் கண்டுபிடித்ததே அதன் செம்பெயர்ச்சியைத்தான் (பிரபஞ்சம் விரிவதால் அலைநீளம் நீளும் அளவு), 0.158. 6563-ஐ 1.158-ஆல் பெருக்கினால் 7600. தம்பியின் கேலிப்ரேஷன் சரி.

ஆனால் தம்பி, அதே 7600-ல்தான் நம் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒளியை விழுங்குகிறது. இந்தக் கோடு நேராக அதன்மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. 5629-ல் ஹைட்ரஜனின் இன்னொரு கோடான ஹெச்-பீட்டாவைப் பாருங்க. தட்டு காரணமென்றால் அதுவும் பிளந்திருக்கணும். அப்புறம் சித்திரை நட்சத்திரத்தை அதே உயரத்தில் இருக்கும்போது எடுங்க. அதிலும் பள்ளம் வந்தால் அது தாராபுரத்துக் காற்று. 6870 கிட்ட ஆக்சிஜனின் இன்னொரு பள்ளமும் தெரியும்.

பல்லடத்தார்
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வருகிறதே, அதனாலும் இருக்குமே?

கோபி மூத்தவர்
ஈரம் வேறு, ஆக்சிஜன் வேறு. நீராவி விழுங்குவது 7200, 8200 பக்கம்.

பல்லடத்தார்
வைகாசியில் இங்கே வந்து எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்க. ஒவ்வொரு ராத்திரியும் ஒவ்வொரு மாதிரி வருது.

கோபி மூத்தவர்
8200 மாறும், 7600 மாறாது. அதைத்தான் சொல்கிறேன்.

காங்கேயம்காளை
இரட்டைக் கருந்துளையாக இருக்க வாய்ப்பே இல்லையா?

தாராபுரத்தான்
ஹெச்-பீட்டா ஒரே மேடுதானுங்க. சித்திரையிலும் 7600-ல் அதே பள்ளம். அந்த ஸ்பெக்ட்ரத்தால் வகுத்தேன், கொம்பு போயிருச்சு. உடுமலை அண்ணா, ரொம்ப நன்றிங்க.

காங்கேயம்காளை
வகுத்த படத்தைப் போடுங்க தம்பி.