சிஸ்டம்-சி மாடல்ல லினக்ஸ் பூட் ஆகவே மணிக்கணக்கா ஆகுது, எப்படி வேகமாக்குறது?

கேள்வி:
ஒரு எஸ்ஓசிக்கு (முழு சிஸ்டமும் ஒரே சிப்ல) சிஸ்டம்-சில, அதாவது ஹார்டுவேரை மாடல் பண்ற சி++ லைப்ரரில, விர்ச்சுவல் பிளாட்ஃபார்ம் (நிஜ சிப் இல்லாமலே சாஃப்ட்வேரை ஓட்டிப் பாக்கற மாடல்) பண்ணிட்டு இருக்கேன், ஒரு சிபியு, பஸ், ரேம், டைமர், யூஆர்ட் (சீரியல் போர்ட்), டிஎம்ஏ (சிபியு இல்லாம மெமரி டேட்டாவை நகர்த்தற பிளாக்) அவ்ளோதான். டிஎல்எம் 2.0 பி_டிரான்ஸ்போர்ட்தான் (பஸ் சிக்னலை எல்லாம் மாடல் பண்ணாம, ஒரு ரீட்/ரைட்டை ஒரே ஃபங்ஷன் காலா அனுப்பற முறை) யூஸ் பண்றேன், அப்படியும் ஆமை வேகம், சாஃப்ட்வேர் டீம் தினமும் வந்து நிக்கிறாங்க. சிபியு லூப்ல ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கும் 1 நானோசெகண்ட் வெயிட் போட்டிருக்கேன். கோர் அதிகமா இருக்கற சர்வருக்கு மாத்தினா சரியாகுமா?

பதில் 1:
ஆகாதுங்க. சிஸ்டம்-சி கெர்னல் ஒரு நேரத்துல ஒரு ப்ராசஸைத்தான் ஓட்டும், 64 கோர் இருந்தாலும் 63 சும்மாதான் இருக்கும். உங்களைக் கொல்றது அந்த வெயிட்தான், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் (ஒரு ப்ராசஸை நிறுத்தி வச்சுட்டு கெர்னலுக்கு மாறுறது). டிஎல்எம்ல இருக்கற குவாண்டம் கீப்பர் போட்டு சிபியுவோட லோக்கல் டைமை வெயிட் இல்லாம ஏத்திக்கிட்டே போங்க, குவாண்டம் (சிபியு தனியா முன்னாடி ஓடலாம்னு நீங்க வைக்கிற நேர அளவு) தீர்ந்தா மட்டும் கெர்னலோட சிங்க் பண்ணுங்க. 10 மைக்ரோசெகண்ட் வச்சாலே 10,000 இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு ஒரு ஸ்விட்ச்தான். அப்புறம் ரேமுக்கு டிஎம்ஐ (டைரக்ட் மெமரி இன்டர்ஃபேஸ்) குடுங்க, சிபியு பாயிண்டரை வாங்கிட்டு நேரா படிச்சுக்கும், ஃபெட்ச்சுக்கெல்லாம் பஸ் பக்கமே வராது.

பதில் 2:
மேல சொன்னது சரி, ஆனா குவாண்டத்தை கண்ணை மூடிட்டு ஏத்தாதீங்க. இன்டரப்ட் லேட்டா வரும், பின்னாடி ரெண்டு கோர் ஆச்சுன்னா ஒண்ணு ஸ்பின்லாக்ல (இன்னொரு கோர் லாக்கை விடுற வரைக்கும் லூப்ல காத்திருக்கறது) சுத்திச் சுத்தியே முழு குவாண்டத்தையும் தின்னுடும். டைமரையும் பாருங்க, கிளாக் எட்ஜுக்கு எட்ஜ் கவுண்டரை குறைக்கிற மாதிரி எழுதியிருந்தா (நிறைய பேர் ஆர்டிஎல், அதாவது கிளாக் கிளாக்கா நிஜ ஹார்டுவேர் டிசைன் எழுதற பழக்கத்துல அப்படித்தான் எழுதுறாங்க) அதைத் தூக்குங்க. எப்போ முடியணுமோ அந்த நேரத்துக்கு ஒரே ஒரு ஈவென்ட் நோட்டிஃபை, நடுவுல யாராவது ரெஜிஸ்டரைப் படிச்சா அப்போ கணக்குப் போட்டுக் குடுத்தா போதும். சிஸ்டம்-சி லைப்ரரி பிதிரெட்ஸோட (ஓஎஸ் திரெட்) பில்ட் ஆயிருக்கான்னும் செக் பண்ணுங்க, ஆயிருந்தா குவிக்திரெட்ஸுக்கு (ஓஎஸ் இல்லாம ஸ்விட்ச் ஆகற லேசான திரெட்) மாத்துங்க, ஸ்விட்ச் செலவு நல்லாவே குறையும்.

கேள்வி கேட்டவர்:
டைமர் நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கு, எப்படி கண்டுபிடிச்சீங்க 😄 ஒரு டவுட், டிஎம்ஐ போட்டா பஸ் பேண்ட்விட்த் நம்பர் எப்படி எடுக்கறது? ஆர்க்கிடெக்ட் அதையும் கேக்குறார்.

பதில் 1:
அந்த மாடல்ல அதை எதிர்பார்க்காதீங்க, டிஎம்ஐ ஆக்சஸ் பஸ் மாடலுக்குத் தெரியவே தெரியாது. அவருக்கு அப்ராக்சிமேட்லி டைம்ட் மாடல் (பஸ் டிரான்ஸாக்ஷனோட ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரம் கணக்குப் போடறது, ஆனா மெதுவா ஓடும்) ஒண்ணு தனியா வேணும், அதுல லினக்ஸ் பூட்டை எல்லாம் ஓட்டாம அவருக்கு வேண்டிய வொர்க்லோடை மட்டும் ஓட்டுங்க. ஜெம்5ல (ஓப்பன் சோர்ஸ் கம்ப்யூட்டர் சிமுலேட்டர்) பண்ற மாதிரி பூட் வரைக்கும் வேகமான மோட்ல போய் செக்பாயின்ட் (அந்த நிமிஷத்து முழு நிலையையும் சேவ் பண்றது) எடுத்து, அங்கேர்ந்து டீட்டெயில்ட் மோடுக்கு மாறுறதும் ஒரு வழி, ஆனா உங்க டிவைஸ் மாடல் எல்லாம் ஸ்டேட்டை சேவ் பண்ணத் தெரிஞ்சதா இருக்கணும், வேலை அங்கதான் இழுக்கும்.