போர்ச்சுகல் டி8 விசா: சம்பளத்தைவிடக் காகிதம்தான் இடிக்கும்

மருதநிலம்:
வெளிநாட்டுக் கம்பெனி வேலையைப் போர்ச்சுகலில் இருந்தபடியே பார்க்க உதவும் டி8 விசா என்றதும் எல்லோரும் சம்பளத்தைத்தான் பார்க்கிறார்கள். அங்குள்ள குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு, கடைசி மூன்று மாதச் சராசரியில் காட்ட வேண்டும். 2025-ல் அந்த ஊதியம் 870 யூரோ, ஆக 3,480. ஜனவரிதோறும் ஊதியத்தை உயர்த்துகிறார்கள், டிசம்பரில் 3,500 காட்டி நிம்மதியாக இருந்தவருக்கு ஜனவரியில் போதாது. ரூபாயில் சம்பளம் வாங்கினால் யூரோ விலையும் ஏறும். எல்லையை ஒட்டி நிற்காதீர்கள்.

அதைவிட அதிகம் சிக்குவது கம்பெனிக் கடிதம். எச்.ஆர். வழக்கமாகத் தருவதில் ‘வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம்’ என்று மட்டும் இருக்கும். அது சென்னை வீடாகவும் இருக்கலாமே! போர்ச்சுகலில் தங்கி இதே வேலையைத் தொடரக் கம்பெனி சம்மதிக்கிறது என்ற வரி கட்டாயம் வேண்டும். கடிதத்திலுள்ள சம்பளமும் வங்கியில் வரவான தொகையும் ஒத்துப்போகாவிட்டால் சம்பளச் சீட்டையும் இணையுங்கள், பி.எஃப்., வரிப் பிடித்தம் அதில்தான் தெரியும்.

கொன்றைப்பூ:
போலீஸ் சான்றிதழை முதல் வேலையாக எடுத்து வைக்காதீர்கள். மற்றவை சேர்வதற்குள் பழசாகிவிடும். பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கி, வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் சான்று) ஒட்டிய பிறகுதான் அது செல்லும். துபாய், சிங்கப்பூர் என்று ஓராண்டுக்கு மேல் இருந்திருந்தால் அங்கிருந்தும் ஒன்று வேண்டும்.

வீட்டு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஏர்பிஎன்பி முன்பதிவை நம்பிப் போனால் திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். 12 மாத வாடகை ஒப்பந்தமே பலமானது. அதற்கு முன் என்.ஐ.எஃப். எனும் வரி எண் வேண்டும். ஒப்பந்தத்தை வரித்துறையில் வீட்டுக்காரர் பதிந்தாரா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். வாடகை வருமானத்துக்கு வரி கட்ட வேண்டுமே என்று சிலர் பதிவதில்லை, அதனால் மாட்டுவது குடியிருப்பவர்தான்.

மருதநிலம்:
ஒன்றை விட்டுவிட்டேன். விண்ணப்பத்தில் இரண்டு வகை உண்டு. தற்காலிகத் தங்கல் விசா ஓராண்டு வரைக்குமானது, அதில் குடியிருப்பு அட்டை கிடையாது. குடியிருப்பு விசா நான்கு மாதம்தான் செல்லும், இரண்டு முறை நுழையலாம். அதற்குள் ஐமா எனும் போர்ச்சுகல் குடிவரவு அலுவலகத்தில் கைரேகை கொடுத்தால் இரண்டாண்டு அட்டை, புதுப்பித்தால் மூன்றாண்டு. 2023 அக்டோபரில் அதற்கு முன் இந்த வேலையைப் பார்த்த செஃப் என்ற துறையின் நிலுவைக் கோப்புகளும் ஐமாவின் தலையில் விழுந்தன. எனவே விசாவோடு சந்திப்புத் தேதி தந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டே டிக்கெட் போடுங்கள்.